வெள்ளிக் கிரகத்து நத்தை

கவுன்சில் படிவம் ஒன்றில் என் பெயரில் ஒரேயொரு பொய்தான் இருக்கிறது. அதுவும் என் கையெழுத்தில் இல்லை, அண்ணையின் கையெழுத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கான தண்டனை முழுவதையும் அனுபவித்தவள் நான்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்து நான்கு வயது. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு மீன் பொரிக்கும் கடைக்கு மேல்மாடியில் அண்ணையுடன் குடியிருந்தேன். அண்ணை பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை செய்பவர். எனக்கு நான்கு வருடங்கள் முந்தி லண்டனுக்கு வந்து, இந்த நாட்டில் பிழைப்பதற்கான சட்டதிட்டங்களைத் தானே வகுத்து வைத்திருந்தார். அவற்றில் முதலாவது, படிவத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்பது. வெறும் கட்டத்தைக் கண்டால் வெள்ளைக்காரனுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று உறுதியாக நம்பினார். (டொக்டரிடம் பதியும் படிவத்தில் ‘முன்னர் செய்துகொண்ட சத்திர சிகிச்சைகள்’ என்ற இடத்தில் எனக்குக் ‘காது குத்தியது’ என்று எழுதியவர் அவர்.)

நூலக உதவியாளர் வேலைக்கு நான் விண்ணப்பித்தபோது, ‘வேறு திறமைகள்’ என்று அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அண்ணை பேனையின் பின்பக்கத்தைக் கடித்தார்.

“ஒண்டுமில்லை எண்டு எழுதுங்கோ அண்ணை.”

“உனக்கென்ன விசரே? யோசிச்சுப் பார். ஊரில என்னென்ன செய்தனி?”

“படிச்சனான்.”

“வேறை?”

யோசித்தேன். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, எங்கள் பள்ளிக்கூட மைதானத்துக்குச் சுகாதாரப் பகுதியின் வான் வண்டி ஒன்று வந்து, கொழுக்கிப் புழுவைப் பற்றிப் படம் காட்டியது. படம் போட்ட மனிதருக்கு நான் பத்து நிமிடம் டோர்ச் லைட் பிடித்திருந்தேன். அதைச் சொன்னேன்.

அண்ணையின் முகம் மலர்ந்தது. “பாத்தியே. இருக்குத்தானே” என்றார். ‘திரைப்பட புரொஜெக்டர் இயக்கிய அனுபவம்’ என்று குண்டு குண்டான ஆங்கில எழுத்தில் எழுதினார். கட்டத்தில் இன்னும் இடம் மிச்சமிருந்ததால், ‘விசேடமாகப் புழுக்கள்’ என்றும் சேர்த்தார்.

வேலை கிடைத்துவிட்டது. எங்கள் நூலகம் சட்டனுக்கும் மிச்சத்துக்கும் நடுவே, பஸ்காரர்களே மறந்துபோகும் ஒரு தெருவில் இருந்த சின்னக் கிளை. பொறுப்பாளர் மிஸிஸ் டட்லி. உயரமான, மெலிந்த பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். நூலகத்திலேயே வளர்ந்தவர் என்பதால் கோபம் கூடக்கூட அவருடைய குரல் குறையும். முழுக் கோபத்தில் உதடு மட்டும்தான் அசையும். ஒரு வருடத்தில் நான் அந்த உதடுகளை வாசிக்க நன்றாகப் பழகியிருந்தேன்.

இந்த மிஸிஸ் டட்லிக்குள் யாரும் எதிர்பார்க்காத ஒரு மனுஷி ஒளிந்திருந்தார். சிறுவயதில் அறிவியல் புனைகதைப் பைத்தியமாக இருந்தாராம். பன்னிரண்டு வயதில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போவதற்கென்று ஒரு பெட்டியில் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு பல்துலக்கியும் அடுக்கி வைத்திருந்தாராம். அந்த நினைவில், ஐம்பதுகளின் அறிவியல் புனைகதைகளுக்கு ஒரு வாரம் விழா எடுப்பது என்று தீர்மானித்தார். பழைய புத்தகங்களின் கண்காட்சி, சனிக்கிழமை பின்னேரம் பழைய படம் ஒன்று, படம் முடிய நாலு மணிக்குத் தேநீரும் கேக்கும்.

கண்காட்சி மேசையை அடுக்கியது நான். எல்லா அட்டையிலும் பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று, மஞ்சள் தலைமயிர்ப் பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அந்தப் பெண்கள் எந்தக் கிரகத்தில் மாட்டினாலும் குதி உயர்ந்த செருப்பைக் கழற்றவில்லை. அறிவை வளர்க்கலாமே என்று நாலைந்து புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணை ஷிப்ட் முடிந்து வந்து, காலை நீட்டிக்கொண்டு ஒன்றை முழுதாக வாசித்தார்.

“எடியே, ஒரு விசயம் கவனிச்சனியே? உந்த வேற்றுக்கிரக ஆக்கள் எல்லாம் ஒண்டில் அமெரிக்காவில இறங்கினம், இல்லாட்டி இங்கிலாந்தில இறங்கினம். எங்கடை ஊர் கொடிகாமத்தில ஒருத்தனும் இறங்கேல்லை.”

“அங்க ஏன் இறங்கப் போகினம்?”

“அதுதான் நானும் சொல்லுறன். அவங்களுக்கும் விசா விசயம் விளங்கியிருக்கு.”

அந்தப் புத்தகங்களின்படி எங்கள் காலத்தில் மனிதர்கள் சாப்பாட்டுக்குப் பதில் மாத்திரை விழுங்கி, வேலைக்கு ரொக்கட்டில் போயிருக்க வேண்டும். நான் இரண்டு பஸ் மாறிப் போய், புத்தக அட்டையில் ரப்பர் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அதில் ஒரு மனவருத்தம் எனக்கு இருந்தது உண்மை.

இனிப் படத்துக்கு வருகிறேன். படத்தின் பெயர் ‘வெள்ளிக் கிரகத்து நத்தை’. ஐம்பதுகளில் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, ஒரே வாரம் ஓடி மறைந்துபோன கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளிக் கிரகத்திலிருந்து பஸ் அளவான ஒரு நத்தை வந்து, இங்கிலாந்தின் கடற்கரைப் பட்டினம் ஒன்றைத் தாக்குகிறது. நத்தை என்பதால் மெதுவாகத்தான் தாக்கும். சனங்கள் தப்பியோட நிறைய நேரம் இருந்தபடியால், ஓடுவதற்கு முதல் ஆளுக்கு ஆள் நீளமாகப் பேசிக்கொள்வார்கள்.

இந்தப் படத்தை மிஸிஸ் டட்லி தேடிப்பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நத்தைக்குள் இருந்து நடித்தவர் எங்கள் வாசகர். மிஸ்டர் பென்போல்ட் என்று எழுபது வயது மனிதர். கிழமைக்கு இரண்டு தரம் வந்து தோட்டக்கலைப் புத்தகம் எடுப்பார். நத்தையின் முன்பாதி அவர். பின்பாதியாக இருந்தவர் லென் என்ற நண்பர், அப்போது உயிரோடில்லை. அதே படத்தில் மிஸ்டர் பென்போல்டுக்கு முகம் தெரிகிற காட்சியும் ஒன்று இருந்தது. பால்காரராக ஒரு நிமிடம் வருவார். வந்து, நத்தையால் விழுங்கப்படுவார். ஆக, தன்னைத் தானே விழுங்கிய ஒரே நடிகர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

படம் ஓடிய அந்த ஒரு வாரமும் அவர் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அதனால் தன் முகத்தைத் திரையில் அவர் பார்த்ததேயில்லை. அவருடைய பிள்ளைகளும் பார்த்ததில்லை. சனிக்கிழமை குடும்பமாகப் பதினான்கு பேர் வரப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் மிஸிஸ் டட்லி என் பக்கம் திரும்பினார்.

“வதனி, உங்கள் விண்ணப்பத்தில் புரொஜெக்டர் இயக்குவீர்கள் என்று வாசித்த நினைவு. புழுக்கள் என்றுகூட ஏதோ இருந்ததே?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வெளியே வந்தது “யெஸ், மிஸிஸ் டட்லி” மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அண்ணை கொஞ்சமும் அசையவில்லை.

“உதுக்கேன் அழுகிறாய்? பெற்றோல் பம்பை விடக் கஷ்டமே அந்த மெஷின்? நான் வந்து நிக்கிறன்.” பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “சனிக்கிழமை எண்டது நல்லதாப் போச்சு. ஈஸ்ட் ஹாமில குகன் எண்டு ஒரு பொடியன். கணக்காளர். தாயும் பொடியனும் உன்னைப் பாக்க வேணுமெண்டு கேட்டவை. நாலு மணிக்கு லைப்ரரிக்கு வரச் சொல்லுறன். பொம்பிளை பாக்கிற மாதிரி இல்லாமல், சும்மா வந்த மாதிரி.”

“அண்ணை, அண்டைக்கு வேண்டாம்.”

“சினிமாப் பகுதிக்கு நீதான் பொறுப்பு எண்டு சொல்லிப்போட்டன்.”

எங்கள் நூலகத்தில் சினிமாப் பகுதி என்று ஒன்று கிடையாது. ஆனால் அண்ணையோடு சண்டை பிடிக்க மனம் வரவில்லை. சட்டனில் ஒரு நேர்ஸ் அக்காவை அவர் விரும்பியிருந்தார். என் கலியாண அலுவல் முடியாமல் தன் அலுவலைப் பார்ப்பதில்லை என்று அவரையும் இரண்டு வருடமாகக் காக்க வைத்திருந்தார். அந்த அக்கா என்னைக் காணும்போதெல்லாம் மிகவும் அன்பாக, மிகவும் அவசரமாக விசாரிப்பார்.

வெள்ளிக்கிழமை நூலகம் பூட்டியபின் இரண்டு பேரும் ஒத்திகை பார்த்தோம். படம் மூன்று ரீல்களாக, மூன்று தகர டின்களில் வந்திருந்தது. கூடவே ஒரு தாளில் அறிவுறுத்தல்கள். பிலிமை மெஷினுக்குள் கோக்கும்போது இரண்டு இடத்தில் தொய்வாக விடவேண்டும், இல்லாவிட்டால் அது இறுகி நின்றுவிடும், நின்றால் விளக்கின் சூட்டில் பொசுங்கிவிடும் என்று அதில் தெளிவாக இருந்தது. அண்ணை மூன்று ரீலையும் வெளியே எடுத்து மேசையில் பரப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியோடு டின்களுக்குள் வைத்து மூடினார்.

“எந்த ரீல் எந்த டின் எண்டு பாத்து வைச்சனீங்களோ அண்ணை?”

“நான் என்ன சின்னப் பிள்ளையே?” என்றார்.

சனிக்கிழமை வந்தது. கதிரைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. முன் வரிசை முழுவதும் பென்போல்ட் குடும்பம். மிஸ்டர் பென்போல்ட் கோட் பொக்கற்றில் ஒரு ரோஜாவைச் செருகியிருந்தார். அவருடைய மடியில் ஆறு வயதுப் பேத்தி. நான் அண்ணை வாங்கிக்கொடுத்த மயில் பச்சைச் சேலையில், தலை நிறையக் கிளிப்புகளோடு, விமானம் ஓட்டப் போகிறவள்போலப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றேன். மிஸிஸ் டட்லி வரவேற்புரையில் என்னை ‘அனுபவம் வாய்ந்த எங்கள் ஊழியர்’ என்றார். விளக்குகள் அணைந்தன. முதலாம் டின்னில் இருந்த ரீலை அண்ணை கோத்தார். நான் சுவிட்சைப் போட்டேன்.

படம் ஓடியது. உண்மையாகவே ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

திரையில் ஒரு விஞ்ஞானி தலையைப் பிடித்துக்கொண்டு, “அப்படியென்றால் உப்பு ஒன்றுதான் வழி” என்றார்.

“பேர் ஒண்டும் போடேல்லை அண்ணை” என்றேன் மெதுவாக.

“பேர் கடைசியில வரும். பழைய படங்கள் அப்பிடித்தான்.”

இருபது லொறிகளில் உப்பு வந்தது. திரையில் சனங்கள் எங்களுக்கு முன்கதை தெரியும் என்ற நினைப்பில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, செத்துப்போன யார் யாருக்காகவோ அழுதார்கள். உப்பு கொட்டப்பட்டது. நத்தை மிக மெதுவாக உருகியது. விஞ்ஞானி ஒரு மஞ்சள் தலைமயிர்ப் பெண்ணை முத்தமிட்டார். (கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் மஞ்சளாகத்தான் இருந்திருக்கும்.) பிறகு திரை முழுக்க ‘முற்றும்’ என்று வந்தது.

படம் தொடங்கி இருபத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

விளக்கைப் போட்டோம். எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள். பின் வரிசையில் ஒரு தாத்தா மரியாதைக்குக் கைதட்டினார். மிஸ்டர் பென்போல்டின் பேத்தி, “தாத்தா, நீங்கள் வரவேயில்லையே?” என்று கேட்டாள். மிஸிஸ் டட்லி என்னிடம் வந்தார். உதடு மட்டும் அசைந்தது.

“என்னவாம்?” என்றார் அண்ணை.

“மூண்டாம் ரீலை முதல் போட்டுட்டமாம்.”

“அதுக்கென்ன? முடிவு தெரிஞ்சால் சனம் பயப்பிடாமல் பாக்கும்.” இதை மொழிபெயர்த்து மிஸிஸ் டட்லியிடம் சொல்லும்படியும் கேட்டார். நான் சொல்லவில்லை.

இருந்த பதற்றத்தில், அடுத்த ரீலை நானே கோக்கிறேன் என்று அண்ணையைத் தள்ளிவிட்டேன். இந்த முறை ரீலில் எழுதியிருந்த இலக்கத்தை மூன்று தரம் பார்த்தேன். ஒன்று. சரியான ரீல்தான். வேகமாகக் கோத்தேன், இழுத்தேன், கூந்தல் பின்னுவதுபோல நல்ல இறுக்கமாக முடித்தேன். தொய்வு விடவேண்டும் என்பது, படம் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பத்து நிமிடமும் சபை மிகவும் சந்தோஷமாக இருந்தது. படத்தின் பெயர் வந்தபோது விசிலடித்தார்கள். விடிகாலைத் தெரு வந்தது. பால் வண்டிச் சத்தம் கேட்டது. முன் வரிசையில் பதினான்கு பேரும் ஒரேயடியாக முன்னுக்குச் சாய்ந்தார்கள். இளமையான ஒரு பால்காரர் தொப்பியோடு, கையில் இரண்டு போத்தலோடு, கமெராவைப் பார்த்துத் திரும்பினார். எதையோ கண்டு வாயைத் திறந்தார்.

திறந்த வாய் திறந்தபடி நின்றது. மெஷின் ‘டக் டக் டக்’ என்றது. தொப்பியின் ஓரத்தில் ஒரு சின்னக் கபிலப் புள்ளி தோன்றியது. அது வளர்ந்தது. மிஸ்டர் பென்போல்டின் முகம் எண்ணெய்க்குள் போட்ட அப்பளம்போலப் பொங்கி, கொப்பளித்து, நடுவில் ஓட்டை விழுந்தது. வெள்ளிக் கிரகத்து நத்தை அமிலம் துப்பிவிட்டது என்று சபை நினைத்தது. பலத்த கைதட்டல். அந்தக் காலத்தில் இப்படி ஒரு தந்திரக் காட்சியா என்று யாரோ வியந்தார்கள்.

பிறகு பொசுங்கல் மணத்தது.

“வயரைப் பிடுங்குங்கோ அண்ணை” என்றேன். அண்ணை பாய்ந்து பிடுங்கினார். தேநீர்ப் பாத்திரம் அணைந்தது. மறுபடி பாய்ந்து இன்னொன்றைப் பிடுங்கினார். கண்காட்சி விளக்குகள் அணைந்தன. மூன்றாவதாகப் புரொஜெக்டரை நிறுத்தியபோது புகை கூரைக்குப் போய்விட்டது. அங்கே இருந்த அபாய மணி தன் வேலையைத் தொடங்கியது.

பத்து நிமிடத்தில் நூலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் தூறல் மழையில் நின்றோம். இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. சப்பாத்துச் சத்தத்தோடு உள்ளே ஓடிய ஆறு பேர், பொசுங்கிய ஒரு அங்குல பிலிமுக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று கண்டதும் மிகவும் மெதுவாகத் திரும்பி வந்தார்கள். முழுதாகப் பரிசோதித்து முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்றார்கள்.

மிஸ்டர் பென்போல்ட் ஒரு மரத்தின்கீழ் நின்றார். பொக்கற்றில் இருந்த ரோஜாவில் தண்ணீர் சொட்டியது. முப்பது வருடங்களுக்கு மேலாக அவர் பார்க்காத முகம். பார்த்தது ஒரு விநாடி. நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். “ஐ ஆம் சொறி” என்பதை நாலு தரம் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். ஈரமாக நின்ற குடும்பத்தைப் பார்த்தார். “அந்தக் காட்சி எனக்கு மனப்பாடம்” என்றார். “ஆனால் ஒரு நத்தை வேண்டும்.”

அண்ணையின் கார் பக்கத்தில் நின்றது. மழையில் கூரை ஒழுகும் என்பதால், எங்கே நிறுத்தினாலும் அதன்மேல் ஒரு பெரிய கபில நிறத் தார்ப்பாய்ப் படங்கு போட்டு மூடிவிடுவார். மிஸ்டர் பென்போல்டின் கண் அந்தப் படங்கில் விழுந்தது. அடுத்த நிமிடம் அது காரில் இல்லை. கொம்புகளுக்கு இரண்டு குடைகள். தீயணைப்பு வீரர் ஒருவர் தன் தலைக்கவசத்தைக் கழற்றிப் பால்காரத் தொப்பியாகக் கொடுத்தார். வெளியே ஓடும்போது யாரோ கையோடு கொண்டுவந்திருந்த தேநீர்க் கோப்பைகள் இரண்டு பால் போத்தல்களாயின.

“பின்பாதிக்கு ஒருவர் வேண்டும்” என்றார் மிஸ்டர் பென்போல்ட். “லென் இல்லையே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிஸிஸ் டட்லியின் உதடு அசைந்தது. அதை வாசிக்க எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

மயில் பச்சைச் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு (உள்ளே தடித்த காற்சட்டை போட்டிருந்தேன், மார்ச் மாதம்) படங்குக்குள் புகுந்து, தார்த் தரையில் கையும் முழங்காலும் ஊன்றினேன். உள்ளே இருட்டு. பெற்றோல் மணம். வெளியே மிஸ்டர் பென்போல்ட் பால்காரராகக் கதவு கதவாகப் போத்தல் வைப்பது கேட்டது. பிறகு ஒரு அலறல். எழுபது வயது மனிதரிடம் அப்படியொரு சத்தம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அடுத்த கணம் அவர் தலைக்கவசத்தோடு படங்குக்குள் விழுந்தார். விழுங்கப்பட்டாகிவிட்டது. உடனேயே இரண்டு குடையையும் கையில் பிடித்து நத்தையானார். வெளியே குடும்பம் ஆர்ப்பரித்தது.

“கேளுங்கள்,” என்று இருட்டுக்குள் என்னிடம் சொன்னார். “முன்பாதி தீர்மானிக்கும். பின்பாதி தயங்கும். அதுதான் நத்தை. லென் மிக நன்றாகத் தயங்குவான்.”

நாங்கள் ஊர்ந்தோம். குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். எனக்கே கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் படங்குக்கு வெளியே தமிழ் கேட்டது.

“தம்பி, இதுதானே லைப்ரரி?” ஒரு அம்மாவின் குரல்.

“ஓமம்மா, வாங்கோ, வாங்கோ.” அண்ணை. “நேரத்துக்கே வந்திட்டியள்.”

“என்ன தம்பி, நெருப்பு வண்டியெல்லாம் நிக்குது?”

“அது… சின்னப் புகை. இப்ப ஒண்டுமில்லை.”

“பிள்ளை எங்கை?”

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

“நிக்கிறா” என்றார் அண்ணை.

“எங்கை நிக்கிறா?”

“அதுக்குள்ளை.”

“எதுக்குள்ளை?”

“அந்த நத்தைக்குள்ளை, அம்மா.”

பிறகு ஒரு இளம் ஆண் குரல், வரவு செலவைச் சரிபார்க்கும் நிதானத்தோடு கேட்டது: “முன்னுக்கோ, பின்னுக்கோ?”

“பின்னுக்கு” என்றார் அண்ணை.

என் கணவரின் குரலை நான் முதன்முதலில் கேட்டது இப்படித்தான்.

மிஸ்டர் பென்போல்டுக்குத் தமிழ் விளங்காது. புதிதாக இரண்டு சோடிச் சப்பாத்துகள் தெரிந்ததும், புதிய பார்வையாளர் வந்துவிட்டார்கள் என்ற உற்சாகத்தில் நேராக அவர்களை நோக்கி ஊரத் தொடங்கினார். நான் பின்னுக்கு இழுத்தேன். அவர் முன்னுக்கு இழுத்தார். “அருமையான தயக்கம்” என்று பாராட்டினார். நான் இன்னும் பலமாக இழுத்தேன். அந்த இழுபறியில் படங்கு அவர் பக்கம் போய்விட்டது. நான் பிடியை விடாமல் அதோடு இழுபட்டு, வழுக்கி, நெடுஞ்சாண்கிடையாக முன்னால் போய் விழுந்தேன்.

கண்ணைத் திறந்தபோது எனக்கு முன்னால் இரண்டு கறுப்புச் சப்பாத்துகள், அதற்குமேல் மெல்லிய கம்பளிக் காலுறை, அதற்குமேல் ஒரு மாம்பழக் கலர் சேலையின் கரை. என் இரண்டு கையும் அந்தச் சப்பாத்துகளைப் பிடித்திருந்தன. தலை தரையில் முட்டியிருந்தது.

மேலே பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்படியே கிடந்தேன்.

என் தலையில் ஒரு கை பட்டது. “நல்லாயிரு பிள்ளை, நல்லாயிரு” என்றது அந்த அம்மாவின் குரல். “தம்பி குகன், பாத்தியோ? இந்த ஊரில, இந்த மழைக்குள்ளை, அத்தனை வெள்ளைக்காரருக்கும் முன்னாலை, வெக்கம் பாக்காமல் காலிலை விழுந்து கும்பிடுற பிள்ளை. இப்பிடி ஒண்டை நான் ஊரிலயும் காணேல்லை.”

நான் நிமிர்ந்தேன். முகத்தில் எண்ணெய்க் கறை, தலையில் தொங்கும் கிளிப்புகள். அம்மாவுக்குப் பக்கத்தில் மெலிந்த, கண்ணாடி போட்ட ஒருவர் நின்றார். விழுந்ததற்கும் கும்பிட்டதற்கும் வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சிரிப்பை அடக்கக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் குனிந்து, விழுந்து கிடந்த குடை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“உம்மடை கொம்பு” என்றார்.

ஆவணியில் கலியாணம். அதற்கு அடுத்த மாதம் அண்ணையின் கலியாணம். நேர்ஸ் அண்ணி இன்றும் நத்தையைக் கண்டால் தோட்டத்துக் கீரையை அது தின்னட்டும் என்று விட்டுவிடுவார். மிஸிஸ் டட்லி என்னை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. ஆனால் எனக்கு மின்சாரப் பொருள் எதையும் தொடக் கொடுக்கக்கூடாது என்று என் கோப்பில் எழுதி வைத்தார். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அங்கே வேலை செய்தேன். தேநீர்க் கெற்றிலைக்கூட வேறு யாராவது வந்துதான் போடுவார்கள்.

மாமியிடம் உண்மையைச் சொல்ல நான் பல தடவை முயன்றிருக்கிறேன். முதல் தரம், கலியாணம் முடிந்து ஒரு வருடத்தில்.

“மாமி, அண்டைக்கு நான் கும்பிடேல்லை. வழுக்கி விழுந்தனான்.”

“சும்மா இரு பிள்ளை. அடக்கத்துக்குச் சொல்லுறாய்” என்றார். அன்றிலிருந்து கோயிலில் சந்திக்கும் எல்லோரிடமும், நான் காலில் விழுந்ததோடு, அதை ஒப்புக்கொள்ளாத அடக்கத்தையும் சேர்த்துச் சொன்னார். நான் மறுக்க மறுக்க என் பெருமை ஈஸ்ட் ஹாம் முழுவதும் வளர்ந்தது.

மிஸ்டர் பென்போல்ட் அந்தப் பொசுங்கிய பிலிம் துண்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். நடுவில் ஓட்டை விழுந்த முகம். வருகிறவர்களிடம் எல்லாம், படத்தில் நத்தை தன்னை விழுங்கியதற்குச் சாட்சி இதுதான் என்பாராம். எனக்கு ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து மடல் தவறாமல் அனுப்புவார். அதில் ஒரே வசனம்தான் இருக்கும்: ‘என் அருமைப் பின்பாதிக்கு, என்றும் அன்புடன், உன் முன்பாதி.’

முதல் மடல் வந்தபோது மாமிதான் கதவடியில் எடுத்தார். எழுத்துக்கூட்டி ஆங்கிலம் வாசிக்கக் கூடியவர். இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் வாசித்தார்.

“தம்பி குகன், ஆரடா இந்த முன்பாதி?”

என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: “அது அவவின்ரை முதல் கலியாணம், அம்மா.”

மாமி அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்த நாள் மிஸ்டர் பென்போல்டை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, அவர் இரண்டு கையிலும் குடை பிடித்து நடித்துக் காட்டியபிறகுதான் சமாதானமானார். நான் காலில் விழுந்தது பற்றிய தன் முடிவை மட்டும் மாற்றவில்லை.

எங்கள் வீட்டில் அந்தச் சனிக்கிழமைக்கு இன்றுவரை ‘அம்மாவின் முதல் கலியாணம்’ என்றுதான் பெயர். பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள். போன வருடம் மகளுக்குச் சம்பந்தம் பேசச் சட்டனில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் தாய் மிகவும் மரியாதையானவர், என் பக்கத்தில் வந்து இருந்து, “கலியாணம் முடிச்சு எத்தினை வருசம்?” என்று கேட்டார்.

நான் கணக்குப் பார்த்து முடிப்பதற்குள், எதிரில் இருந்த மகள், “எந்தக் கலியாணத்தைக் கேக்கிறீங்கள், அன்ரி?” என்றாள்.

அந்த அம்மாவின் கையில் இருந்த தட்டிலிருந்து ஒரு லட்டு உருண்டு தரையில் விழுந்தது. என் கணவர் குனிந்து அதைத் தேடத் தொடங்கினார். தேடி முடித்து அவர் மேலே வர வெகுநேரம் எடுத்தது.